உகந்துடைமைக்கு ஓர் இரங்கல்

உகந்துடைமை என்ற சொல் காலமாகிவிட்டது. நாஞ்சில் நாட்டின் பழைய பத்திரங்களிலும், பாகம் பேசிய திண்ணைகளிலும், சொத்துத் தகராறு நடந்த கோர்ட்டுகளிலும் பல தலைமுறை புழங்கிய சொல் அது. இன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் அந்தச் சொல்லைச் சொன்னால் வயதானவர்கள் சிலர் தலையசைப்பார்கள். இளையவர்கள் அப்படியென்றால் என்ன என்று கேட்பார்கள். கேட்பவர்களுக்காகவே இந்த இரங்கல்.

பொருள் எளியது. உகந்து கொடுத்த உடைமை உகந்துடைமை. ஒரு தகப்பன் தன் மனைவி மக்களுக்குப் பிரியத்தினால் ஒதுக்கிய பங்குக்கு அந்தப் பெயர். பெற்ற பிள்ளைக்குத் தகப்பன் சொத்துக் கொடுப்பதற்குத் தனியாக ஒரு பெயர் எதற்கு என்று இன்று தோன்றும். அப்படிக் கொடுப்பதே மரபைவிட்டு விலகிய காரியமாக இருந்த மண் இது. வாரிசு சகோதரியின் மகனான மருமகன்தான், தான் பெற்ற மகன் அல்ல. மகனுக்கு ஏதாவது கிடைத்தால் அது உரிமையினால் வந்ததல்ல, உகப்பினால் வந்தது. அந்த வேறுபாட்டைத்தான் இந்தச் சொல் சுமந்துகொண்டிருந்தது.

அந்த மண்ணின் கிழக்கு ஓரத்தில் நிற்கிறது வட்டக்கோட்டை. கன்னியாகுமரிக்கு வடகிழக்கே சுமார் ஆறு கிலோமீட்டரில், அஞ்சுகிராமத்துக்குப் பக்கத்தில், கடலை ஒட்டிய கருங்கல் கோட்டை. ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் பரப்பு, இருபத்தைந்து அடி உயர மதில். கல்லில் மீன் சின்னம் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்த்துப் பாண்டியர் காலத்தை நினைப்பவர்கள் உண்டு. இன்று நாம் காணும் கோட்டையின் உறுதி டி லெனாயின் கைவேலை. 1741இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் சிறைப்பட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் அவர். பிறகு அதே மன்னரின் படையை நடத்தினார். வட்டக்கோட்டையில் தொடங்கி ஆரல்வாய்மொழிக் கணவாய் வரைக்கும், மலையும் கடலும் விட்டுவைத்த திறப்பையெல்லாம் அடைத்துக்கொண்டு திருவிதாங்கூரின் காவல் மதில் போனது. 1809இல் வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியின்போது ஆங்கிலேயக் கம்பெனிப் படை அந்த மதிலைத் தாண்டி உள்ளே நுழைந்ததோடு அதன் காவல் வேலை முடிந்தது.

படைக்காகக் கட்டிய மதில்தான். ஆனாலும் படை வராத காலத்திலும் அதன் இருபுறமும் இருவேறு வாழ்க்கை நடந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் திருநெல்வேலிச் சீமை. வெள்ளாளர் வீட்டில் அப்பன் சொத்து மகனுக்கு. இந்தப் பக்கம் நாஞ்சில் நாடு. இங்கே வெள்ளாளரில் பெரும் பகுதியினரின் வீட்டில் மாமன் சொத்து மருமகனுக்கு. ஒரே தமிழ், ஒரே நெல், ஒரே சாமிகள், சொந்தத்துக்குள்ளேயே பெண் எடுக்கும் ஒரே முறை. சொத்து மட்டும் அங்கே கீழே இறங்கியது, இங்கே பக்கவாட்டில் போய்ச் சகோதரியின் வயிற்றில் பிறந்தவனைச் சேர்ந்தது. அதற்குப் பெயர் மருமக்கள்வழி. நாஞ்சில் நாட்டுக்குள்ளேயே மக்கள்வழிக் குடும்பங்களும் இருந்ததால், கல்யாணம் பேச வரும்போதே நீங்கள் எந்த வழி என்று கேட்டுக்கொள்ளும் வழக்கம் வந்தது.

தமிழ் வெள்ளாளருக்கு இந்த வழி எப்படி வந்தது என்பதற்கு ஊரில் பல கதைகள் உண்டு. வேணாட்டு அரசர்கள் வற்புறுத்தினார்கள் என்பது ஒன்று. அரசாங்கத்தில் செல்வாக்கு வேண்டி நாமே ஏற்றுக்கொண்டோம் என்பது இன்னொன்று. கதை எதுவானாலும் விளைவு ஒன்றுதான்: இரவல் வாங்கிய சட்டை உடம்புக்குப் பொருந்தவில்லை. மலையாள நாட்டு நாயர் தறவாட்டில் மணமான பெண் தன் தாய்வீட்டிலேயே இருந்தாள், அவள் பிள்ளைகள் அங்கேயே வளர்ந்தார்கள், கணவன் வந்துபோகிறவன். அவன் சொத்து அவனுடைய மருமகனுக்குப் போனாலும் அவளுக்கு நட்டமில்லை. அவளுடைய சோறு அவளுடைய தறவாட்டில் இருந்தது. நாஞ்சில் நாட்டு வெள்ளாளப் பெண்ணோ தாலி கட்டிக்கொண்டு கணவன் வீட்டுக்குப் போனாள். அங்கே உழைத்தாள், பெற்றாள், வளர்த்தாள். கணவன் கண்ணை மூடிய மறுநாள் அந்த வீடு அவளுடையதல்ல. நாத்தனாரின் மகன் வாரிசாக வந்து நிற்பான். பிறந்து வளர்ந்த வீட்டிலிருந்து பிள்ளைகள் இறங்கிப் போக வேண்டும். வாழும் முறை தமிழ் முறையாகவும் வாரிசு முறை மலையாள முறையாகவும் இருந்ததால், இரண்டுக்கும் நடுவில் நசுங்கியது பெண்ணும் அவள் பிள்ளைகளும்தான்.

உகந்துடைமை பிறந்தது அந்த நசுக்கலில்தான். எந்த ஆண்டில், எந்த ஊரில், யார் வாயில் என்று எழுதிவைக்கப்படவில்லை. எதற்காகப் பிறந்தது என்பதில் சந்தேகமில்லை. தன் மடியில் ஏறி விளையாடிய குழந்தையை நாளை வீதியில் விட ஒரு தகப்பனுக்கு மனம் வரவில்லை. மரபை மறுத்துப் பேசவும் அவனால் ஆகாது. அவனே குடும்பத் தலைவனான காரணவனாக இருந்து மாமன் சொத்தை ஆண்டுகொண்டிருப்பவன். மரபையும் விடாமல் பிள்ளையையும் விடாமல் ஒரு வழி வேண்டும். ஊர் அதற்கு ஒரு சிறு இடம் கொடுத்தது: உனக்குப் பிரியம் என்றால் கொஞ்சம் கொடுத்துக்கொள். அந்தக் கொஞ்சத்துக்கு ஊர் வைத்த பெயரில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. மீறல் என்று அதைச் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை, உகந்து தந்தது என்றது.

இப்படி ஒரு பெயரைத் தமிழ் மனம் வைத்தது தற்செயலல்ல. மரபிலிருந்து விலகுவதைப் பற்றித் தமிழ் இலக்கணம் நிறைய யோசித்திருக்கிறது. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழிலும் தவறாகப் பேசுவது வழு. ஆனால் தக்க காரணத்தோடு அப்படிப் பேசினால் அது வழுவமைதி. இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. திணையும் பாலும் மாறுவதற்கு நன்னூல் ஐந்து காரணம் தருகிறது: மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு. அந்த ஐந்தில் முதலில் நிற்பது மகிழ்ச்சி. வீட்டுப் பசுவைப் பார்த்து என் அம்மை வந்தாள் என்று ஒருவர் சொன்னால் திணை மாறிவிட்டது, அஃறிணை உயர்திணையாகிவிட்டது. ஆனால் அதைச் சொல்லவைத்தது பிரியம். ஆகவே இலக்கணம் திருத்த வரவில்லை. இந்த உதாரணத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த நாஞ்சில் நாட்டுப் பிள்ளைக்கு அது ஏட்டுத் தமிழாகத் தோன்றியிருக்காது. தாயை அம்மை என்று கூப்பிடுவதுதான் அவன் வீட்டுப் பேச்சு.

நன்னூலுக்கு உரை செய்த சங்கர நமச்சிவாயரும், அந்த உரையைத் திருத்திச் செப்பம் செய்த சிவஞான முனிவரும் திருநெல்வேலிச் சீமைக்காரர்கள், மதிலுக்கு அந்தப் பக்கத்தார். அவர்கள் சொல்லில் கண்ட அமைதியை இந்தப் பக்கத்து ஜனங்கள் சொத்தில் கண்டார்கள். உகந்துடைமை என்பது வாரிசு முறையின் வழுவமைதி. விதி விதியாகவே இருக்கும். பிரியம் காரணமாக ஒருவன் விலகினால் ஊர் அதைப் பொறுத்துக்கொள்ளும். மரபு என்றால் இரும்பு என்று நினைப்பவர்கள் இந்தச் சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். விலகுவதற்கு ஒரு மரியாதையான பெயர் வைத்திருந்தது நம் மரபு.

ஆனால் இறந்தவரைப் பற்றி நல்லதை மட்டும் சொல்லி முடிப்பது உண்மையான இரங்கல் ஆகாது. உகந்துடைமையின் பலவீனம் அதன் பெயரிலேயே இருந்தது. உகந்தால்தான் உடைமை. தகப்பனுக்கு மனம் இருந்தால் பிள்ளைக்குக் கஞ்சி உண்டு; மனம் இல்லாவிட்டால் இல்லை. மனம் இருந்தும் காரணவனும் மருமக்களும் குறுக்கே நின்றால் அதுவும் இழுபறிதான். கொடுத்தாலும் அது சிறு பங்கு. முழு வாரிசுரிமை ஒருநாளும் இல்லை. வழுவமைதி வழுவைப் பொறுத்துக்கொள்ளும், விதியை மாற்றாது. இரக்கமுள்ள விலக்கு ஒன்று இருந்ததாலேயே இரக்கமற்ற விதி நெடுங்காலம் நீடித்தது என்றும் சொல்ல வேண்டும். கொஞ்சம் கொடுத்தாயிற்றே என்ற ஆறுதலில், ஏன் முழுதும் கொடுக்கவில்லை என்ற கேள்வி எழாமலே போயிற்று.

அந்த ஆறுதலும் எட்டாத இடம் அரண்மனை. திருவிதாங்கூர் அரச குடும்பமும் மருமக்கள்வழி. 1729இல் ராமவர்மா மன்னர் இறந்தபோது பட்டம் அவருடைய மருமகன் மார்த்தாண்ட வர்மாவுக்கு வந்தது. மன்னர் பெற்ற மகன்கள் பப்புத்தம்பியும் ராமன்தம்பியும் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பனின் அரசு மகனுக்குத்தான் என்று உரிமை பேசினார்கள், மன்னரை எதிர்த்த நாயர் பிரபுக்களான எட்டு வீட்டுப் பிள்ளைமாரோடு சேர்ந்தார்கள், கடைசியில் கொல்லப்பட்டார்கள். 1758இல் மார்த்தாண்ட வர்மா இறந்தபோதும் பட்டம் மருமகனுக்கே போனது. வரலாறு அந்தத் தம்பிமாரைக் கலகக்காரர்கள் என்று எழுதியது. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுக்காரர்கள் வேறு மாதிரி பாடினார்கள். வலியதம்பி, குஞ்சுத்தம்பி என்று பெயர் சொல்லித் தம்பிமார் கதையைக் கோயில் கொடைகளில் விடிய விடியப் பாடினார்கள். மருமக்கள்வழியிலேயே வாழ்ந்த ஜனங்கள், அந்த வழியை எதிர்த்துச் செத்த மகன்களுக்காக இரங்கினார்கள். வீட்டுக்கு வீடு அப்படி ஒரு மகன் இருந்தான் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. வட்டக்கோட்டை மதிலை உறுதிப்படுத்திய அதே அரசுதான் மருமகனின் உரிமையையும் உறுதிப்படுத்தியது.

இந்தச் சொல்லின் போதாமையை ஊரறியச் சொன்னவர் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. அவருடைய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ 1917, 1918 ஆண்டுகளில் ‘தமிழன்’ பத்திரிகையில் தொடராக வந்தது, 1942இல் நூலாயிற்று. கதை சொல்பவள் ஒரு பெண், கணவனுக்கு ஐந்தாவது மனைவி. மாமியாரின் ஆட்சி, காரணவரின் போக்கு, கோர்ட்டு ஏறிக் குடும்பம் கெட்டது, கடைசியில் பசியும் எரிச்சலும் என்று படலம் படலமாக அவள் தன் பாட்டைச் சொல்கிறாள். கோடேறிக் குடிமுடித்த படலம், கும்பியெரிச்சற் படலம் என்ற தலைப்புகளே போதும், என்ன நடந்தது என்று தெரியும். பத்திரிகையில் வந்த காலத்திலேயே வீட்டுத் திண்ணைகளில் வாசித்துச் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே வெட்கப்பட்டார்கள். சீர்திருத்தக்காரர்கள் மேடையில் சொன்னது காதோடு போயிற்று. ஐந்தாம் மனைவி சொன்னது உள்ளே போய் உட்கார்ந்தது. தயவாக ஒரு பங்கு கிடைப்பதற்கும் உரிமையாக ஒரு பங்கு இருப்பதற்கும் உள்ள தூரத்தை அவளுடைய வயிறு அளந்து காட்டியது.

மேற்கே நாயர் சமூகத்தில் அதே அலை வேறு வேகத்தில் எழுந்திருந்தது. திருவிதாங்கூர் அரசு 1912இலும் பிறகு 1925இலும் நாயர்களுக்குச் சட்டங்கள் செய்தது. தறவாடுகளைப் பாகம் வைக்கக் கதவு திறந்தது. ஈழவருக்கும் 1925இல் ஒரு சட்டம் வந்தது. அடுத்த ஆண்டே, சேது லட்சுமிபாய் மகாராணி ரீஜன்டாக ஆண்ட காலத்தில், கொல்லம் ஆண்டு 1101இன் ஆறாவது சட்டமாக நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் வந்தது. ஆங்கில ஆண்டு 1926. மனைவிக்கும் மக்களுக்கும் உரியதை இனித் தகப்பனின் மனம் முடிவுசெய்ய வேண்டியதில்லை, சட்டம் முடிவுசெய்யும் என்றாயிற்று. உகந்துடைமையின் மரண ஆண்டு எதுவென்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். அதன் பிறகும் பத்திரங்களிலும் பேச்சிலும் சில காலம் அது உயிரோடு நடமாடியிருக்கும். அதன் வேலை அன்றே போய்விட்டது.

1956 இரண்டு முறை முத்திரை வைத்தது. ஜூன் மாதம் இந்து வாரிசுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மருமக்கத்தாயச் சட்டம் (மருமக்கள்வழிச் சட்டம்) என்றால் என்ன என்று விளக்கும் அதன் பிரிவில் திருவிதாங்கூர் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டத்தின் பெயரும் இருக்கிறது. இரண்டு வட்டங்களுக்குள் அடங்கிய ஒரு சிறு நாட்டின் பெயர் இந்தியா முழுமைக்குமான சட்டத்தில் அப்படி நின்றுவிட்டது. நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. வட்டக்கோட்டையை ஒட்டி ஓடிய சமஸ்தான எல்லை மாவட்ட எல்லையாகச் சுருங்கியது. மதிலின் இரண்டு பக்கமும் ஒரே மாநிலம், ஒரே வாரிசு முறை. எதிலிருந்து விலகியதற்காக ஒரு சொல் வைத்திருந்தோமோ அந்த மரபே போயிற்று. விலகலுக்கு இனிப் பெயர் எதற்கு? அந்தச் சொல்லை யாரும் தடைசெய்யவில்லை. அது கேட்டது முழுதும் கிடைத்துவிட்டதால் அது தேவைப்படாமல் போயிற்று.

இப்படிச் சாகிற சொற்கள் அரிது. பல சொற்கள் அவை குறித்த பொருள் அழிந்ததால் அழிகின்றன. நெல்வகைகளின் பெயரும் அளவைகளின் பெயரும் அப்படிப் போனவை. உகந்துடைமை குறித்த காரியமோ இன்று ஊரெங்கும் நடக்கிறது. தகப்பன் பிள்ளைக்குக் கொடுக்கிறான். யாரும் அதை ஒரு சொல்லால் தனியே குறிப்பதில்லை. விதிவிலக்காக இருந்தது விதியாகிவிட்டது. அதனால்தான் இதற்காக இரங்கும்போது வருத்தத்தோடு நன்றியும் வருகிறது.

இந்தச் சாவில் இழந்ததும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் மருமக்கள்வழிக்கு நியாயம் செய்ததாகாது. அந்த வழியில் வம்சம் என்பது பெண் வழியாக எண்ணப்பட்டது. பிறந்த வீட்டில் சகோதரிக்கு ஒரு கனம் இருந்தது, ஏனென்றால் அவள் வயிற்றில்தான் வாரிசு இருந்தான். கட்டிக்கொடுத்ததோடு அவள் பிறந்த வீடு முடிந்துவிடவில்லை. மக்கள்வழிக்கு மாறியபோது மனைவிக்கு நியாயம் கிடைத்தது, ஆனால் அந்தக் கனம் சகோதரியிடமிருந்து போயிற்று. அப்பன் சொத்து மகனுக்கு என்றபோது மகள் எங்கே என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் 1989இல்தான் சட்டத்தின் பதில் வந்தது. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளும் பங்காளி என்று. நாடு முழுவதற்கும் அது 2005இல் வந்தது. இன்றும் எத்தனையோ வீடுகளில் கல்யாணத்தின்போது போட்ட நகையைக் காட்டி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். உகந்து கொடுத்தோம், அது போதும் என்ற பழைய நியாயம் இப்போது மகள் பக்கம் திரும்பியிருக்கிறது. சொல் இறந்தும் அதன் பலவீனம் இறக்கவில்லை.

இறந்தவருக்குச் சொந்தங்கள் சில இருக்கிறார்கள். நாஞ்சில்நாடனின் ‘நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வாழ்க்கை’ அந்த வாழ்வின் வழக்கங்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறது. அ.கா. பெருமாள் ஓலைகளையும் வில்லுப்பாட்டு ஏடுகளையும் தேடித் தேடிப் பதிப்பித்திருக்கிறார். ஜெயமோகன் கதை வசனம் எழுத மதுபால் இயக்கிய ‘ஒழிமுறி’ என்ற மலையாளப் படம் 2012இல் வந்தது. மணவிலக்குப் பத்திரத்துக்குத் தென்திருவிதாங்கூரில் வழங்கிய சொல் அது. மாமியார், மருமகள் என்ற இரண்டு பெண்களை வைத்து, தாய்வழிச் சமூகம் தந்தைவழிக்குத் திரும்பிய காலத்தின் வலியை அந்தப் படம் காட்டியது. ஒழிமுறி என்ற சொல்லுக்கு ஒரு சினிமா கிடைத்தது. உகந்துடைமைக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை. பிரிவின் சொல் நினைவில் நின்றது, பிரியத்தின் சொல் மறைந்தது.

மரபிலிருந்து விலகுகிறவர்களுக்கு இன்று நம்மிடம் இருக்கும் சொற்களைப் பாருங்கள். அடங்காதவன், தறுதலை, ஊரைக் கெடுத்தவன், குடும்ப மானத்தை வாங்கியவள். வேறு சாதியில் கல்யாணம் செய்த மகளுக்கு வீட்டுக் கதவை அடைக்கும்போது நாம் எடுக்கும் சொற்களில் உகப்பு என்ற வேர் ஒன்றிலும் இல்லை. கல்வி குறைந்த, கட்டுப்பாடு மிகுந்த ஒரு காலம் தன் விதியை மீறிய பாசத்துக்கு அழகாக ஒரு பெயர் வைத்து, அதைப் பத்திரத்திலும் எழுதியது. படித்த காலத்துக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. உகந்துடைமையின் வழியாக நம் முன்னோர் விட்டுப்போன பாடம் அதுதான்: விதியைவிட மனிதர் பெரியவர் என்று தோன்றும் நேரத்தில் விலகுங்கள், விலகியதை ஒளிக்காமல் நல்ல பெயரிட்டு எழுதுங்கள், பிறகு அந்தப் பெயரே தேவைப்படாத அளவுக்கு விதியை மாற்றுங்கள்.

நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வீடுகளை இடித்துக் கான்கிரீட் போடும் வேகத்தில், தகரப்பெட்டியிலும் மச்சிலும் கிடக்கும் பத்திரங்களைக் கரையானுக்கும் குப்பைக்கும் விடாதீர்கள். அவற்றை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். கொல்லம் ஆண்டு போட்டு, முத்திரைத்தாளில் யாரோ ஒரு பூட்டன் தன் மகனுக்கோ மகளுக்கோ உகந்துடைமையாக ஒரு வயலையோ ஒரு தெங்கந்தோப்பையோ எழுதியிருக்கலாம். நாகர்கோவிலில் வரலாறும் நாட்டாரியலும் ஆராய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் அதைக் காட்டுங்கள், ஒரு படமாவது எடுத்துக் கொடுங்கள். சொல் இறந்துவிட்டது, அதைத் திரும்பப் பிழைக்கவைக்க வேண்டியதில்லை. அது வாழ்ந்ததற்கான சாட்சியைக் காப்பாற்றினால் போதும்.